பதின்மூன்றாம் எண் கம்பி

கிட்டார் கம்பியை எண் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஒன்பது, பத்து, பதினொன்று என்று கடைக்காரர் சொல்வது ஆறு கம்பிகளில் மிக மெல்லியதன் தடிமனை. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பது கணக்கு. ஒன்பதையும் பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரலுக்குத் தெரியும். என் மகளின் விரலுக்குத் தெரியாமல் போனதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி, கடைசியில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். மகள் பொறியியல் படித்தாள், வேலைக்குப் போகவில்லை, கிட்டார் வாசித்தாள். கோவில் கொடை விழாக்களில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் குழு ஒன்றில் சேர்ந்து திருவேங்கடம், சிவகிரி, புளியங்குடி என்று மேடை ஏறினாள். கச்சேரி இல்லாத நாட்களில் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. கடைவீதியில் யாராவது "பொண்ணு என்ன பண்ணுது சார்?" என்று கேட்டால் "மேல படிக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முதல் இரண்டு வருடம் அவளுடைய வாத்தியத்தைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச ஆரம்பித்தது கம்பியால்தான். அவளிடம் இரண்டு கிட்டார்கள் உண்டு. மேடைக்கு எலெக்ட்ரிக், வீட்டில் பழகவும் பாடம் சொல்லவும் அக்கூஸ்டிக். குழுவில் புதிதாக வந்த பாடகருக்கு மேல் சுருதி எட்டவில்லை. எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி வாசிக்க வேண்டியதாயிற்று. கிட்டாரில் கம்பியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். ஆனால் அவள் போட்டிருந்தது ஒன்பது. தளர்ந்த கம்பி தொய்ந்துபோய், கீழே கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கிற உலோகத் தண்டுகளில் உரசிக் கரகரத்தது. ஒரு மத்தியானம் அவள் அதை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இழுவிசை பத்தாது" என்றேன். "தடிமன் கூட்டணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பள்ளியில் சுரமானி என்ற பெட்டியில் கம்பியைக் கட்டி, எடை தொங்கவிட்டு, வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய அதே சோதனைதான். ஒரு கட்டை இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதை ஈடுகட்ட ஒன்பது இருக்கிற இடத்தில் பத்து வேண்டும். வாங்கிப் போட்டாள். கரகரப்பு நின்றது. அடுத்த ஒத்திகையில் "எங்க அப்பா கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாவ" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். குழுவை நடத்துகிறவர் என்னைப் பார்க்க வந்தபோது அதைச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் நான் தலைமையாசிரியர் ஆனபோதுகூட வந்ததில்லை.

அன்றிலிருந்து கம்பி என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். எந்தக் கம்பிக்கு எந்தச் சுருதியில் எத்தனை இழுவிசை என்று இரண்டு கிட்டாருக்கும் கணக்கிட்டேன். எலெக்ட்ரிக்கில் காந்தம் கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்வதால் மெல்லிய கம்பியே போதும். அக்கூஸ்டிக்கில் கம்பிதான் பலகையை அசைக்க வேண்டும், அதனால் தடித்த கம்பி. இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அவளோடு பேசுகிறேன் என்பதற்காகக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்த்தாள்.

"எப்பா, பத்துல கம்பி வளைய மாட்டேங்கு. நாகஸ்வரத்துல வருத மாதிரி ஒரு இழுப்பு இழுக்கணும்லா, அது வரல."

"கைக்குப் பெலம் வந்தா தன்னால வரும்."

"ஒம்பதுல பெலம் இல்லாமலே வருதே."

"ஒம்பதுல கரகரங்கும். உனக்குக் கரகரப்பு வேணுமா?"

"கிளாஸ் எடுக்குத மாதிரியே பேசுதீய" என்று சிரித்தாள்.

பலம் வரவைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் பழகும் அக்கூஸ்டிக்கில் பதினொன்று இருந்தது. அதைப் பன்னிரண்டாக்கி, பிறகு பதின்மூன்றாக்கிவிட்டால், அந்த முரட்டுக் கம்பியில் அழுத்திப் பழகிய கைக்கு மேடைக் கம்பி வெண்ணெய் மாதிரி இருக்கும். வாசிக்கிறவர்கள் சிலர் செய்கிற பழக்கம்தான் இது. நான் அதை ஒரு பாடத்திட்டம் ஆக்கினேன். விரல் நுனி நோவு நிற்கிறவரை ஒரு எண். நோவு நின்றதும் அடுத்த எண்.

குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தக் கிட்டாரை எடுத்து, பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஒரு கோர்டு அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"ஏம்மா, உங்க அப்பா கிட்டாருக்குக் கம்பி போடுதாரா, கரண்டு மரத்துக்குக் கம்பி இழுக்காரா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு கணக்கு வச்சிருக்காவ" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தோம்.

நோவு நின்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாயால் சொல்வதை நான் நம்பவில்லை. அளந்து பார்த்துத்தானே எனக்குப் பழக்கம். பன்னிரண்டு போட்டுச் சில மாதம் கழித்து அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இடது கையை நீட்டச் சொல்லி, சட்டைப் பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவின் முனையால் ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்தினேன்.

ஆள்காட்டி விரல். "நோவுது" என்றாள்.

நடுவிரல். "நோவுது."

மோதிர விரல். "லேசா."

சுண்டு விரல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கண்ணைத் திறக்காமலே, "குத்திட்டீயளா?" என்று கேட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சுண்டு விரல் தேறிவிட்டது, மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். திருநெல்வேலியில் இருந்து பதின்மூன்றாம் எண் கம்பி வாங்கி வந்தேன்.

கிட்டார் வாசிக்கிறவர்களின் கையில் மிகக் குறைவாக உழைக்கிற விரல் சுண்டு விரல். காய்ப்பு ஏறுவதென்றால் அதற்குத்தான் கடைசியில் ஏற வேண்டும். இங்கே அது முதலில் வந்திருந்தது. ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படி ஓர் அளவைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், எங்கேயோ தப்பு இருக்கிறது, திரும்பச் செய் என்று அனுப்பியிருப்பேன். என் மகளின் கையில் அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய விடை வந்துவிட்டதால் கணக்கைச் சரிபார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த விரல் சொன்னதைக் கேட்கவில்லை. கம்பியில் வைத்தால் வழுக்கி விலகியது. அகலமாக விரிக்க வேண்டிய இடத்தில் விரியவில்லை. "விரலு எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்குப்பா, பாத்துப் பாத்து வைக்க வேண்டியிருக்கு" என்றாள். இன்னும் ஒருமணி நேரம் கூடுதலாகப் பழகு என்றேன். அதே சமயத்தில் அவள் இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு படை இருந்தது. என் மனைவி அதைத் தேமல் என்று நினைத்து மருந்துக்கடைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் படையை நானும் பார்த்தேன். கம்பி அழுத்தும் கைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதிய பதின்மூன்றைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கம்பியைத் திருகில் சுற்றி, மிச்சத்தை வெட்டினால் வெட்டிய நுனி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவள் அடுத்த கம்பிக்குப் போய்விட்டாள். கிட்டாரின் தலைப்பகுதியில் சிவப்பாக ஏதோ வழிந்தது. சுண்டு விரலின் பக்கவாட்டில் நுனி நன்றாக ஏறிக் கிழித்திருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வந்திருந்தது. அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திருகைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கையப் பாரு" என்றேன்.

பார்த்தாள். கையைத் தூக்கிப் பிடித்து வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல வெகு நேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியலப்பா" என்றாள்.

மறுநாள் என் மனைவி பிடிவாதமாக நின்றதால் அரசு மருத்துவமனைக்குப் போனோம். இளவயது டாக்டர், பெண். தேமல் இருந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மகளைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து அந்தப் படையில் தொட்டார். பிறகு சட்டையில் இருந்த பேனாவை எடுத்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"தொடும்போது சொல்லும்மா."

"தொட்டாச்சா?" என்று கேட்டாள் என் மகள்.

டாக்டர் அவள் முழங்கையின் உட்பக்கம் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அவள் முகம் சுளித்தாள். அங்கே ஓடுகிற நரம்பு தடித்துக் கயிறு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். எத்தனை தடிமன் என்று என் விரல் தன்னால் அளந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன்.

தொழுநோய் என்று டாக்டர் நேராகவே சொன்னார். மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முழங்கையில் வீக்கமும் வலியும் இருப்பதால் தாமதிக்கக் கூடாது, நாளைக்கே வந்து பெயர் பதிந்து மாத்திரை தொடங்கிவிட வேண்டும், அதன் பிறகு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து மற்றவர்களையும் பரிசோதிப்பார் என்றார். கம்பி அழுத்தியதால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, அது கிருமியால் வருவது என்றார். எனக்குத் தெரியாததா? ஜனவரி முடிவில் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக் கூட்டத்தில் தொழுநோய் உறுதிமொழியை நான் வாசிக்க, பிள்ளைகள் கையை நீட்டித் திரும்பச் சொல்வார்கள். அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் சிகிச்சைக்கு அனுப்புவோம், யாரையும் ஒதுக்க மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். ஓய்வு பெறும்வரை வாசித்தேன்.

வெளியே வந்தபோது வராந்தாவில் ஒருவர் எழுந்து வணக்கம் சொன்னார். என் பழைய மாணவர். எங்கள் பகுதிக்குச் சுகாதாரப் பணியாளர் அவர்தான்.

"சார், நீங்க எங்க இங்கன?"

"பிரஷர் பாக்க வந்தேன்" என்றேன்.

இவர்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் தெருவில் வந்து எங்கள் வாசலில் நிற்பார் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. ஆட்டோவில் ஏறியதும் மகளிடம் சொன்னேன்: "அது சின்னப் பொண்ணு. நேத்துப் படிச்சிட்டு வந்தது. மதுரையில பெரிய டாக்டர் இருக்காரு, அவரு பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் யார்ட்டயும் வாயத் தொறக்காத."

"நாளைக்கு வரச் சொன்னாவளேப்பா."

"நான் சொல்லுதேன்லா."

அவள் சரி என்றாள். நான் சொன்ன கணக்கு அதுவரை தப்பியதில்லை என்று அவள் நம்பினாள்.

மதுரைக்கும் உடனே போகவில்லை. ஊர்க் கோவிலின் பெரிய திருவிழாவான ஆடித் தபசு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் எந்த வீட்டிலும் ஒரு காரியமும் தொடங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தபசு கழியட்டும் என்று தள்ளிவைப்பதுதான் வழக்கம். உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்துவிடுவார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. வீடு நிறைய ஆட்கள், கூடத்தில் வரிசையாகப் பாய், ஓயாமல் சமையல். இதற்கு நடுவில் எங்கே போவது, தபசு கழியட்டும் என்றேன். என் மனைவி ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

அந்த வாரங்களில்தான் கை போனது. மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்பா, முழங்கைக்குள்ள சுள்ளு சுள்ளுன்னு இழுக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். மரத்துப்போன இடத்தில் வலி வருகிறதென்றால் உணர்ச்சி திரும்புகிறது என்று அவளிடம் சொன்னேன். நான் அதை நம்பினேனா என்று கேட்டால், நம்ப விரும்பினேன் என்பதுதான் பதில். வந்திருந்தவர்கள் அவளை வாசிக்கச் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் துப்பட்டாவுக்குள் இடது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபசு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபோது, சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கி போல மடங்கியிருந்தன. நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை.

மதுரை டாக்டர் வயதானவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முன்பே யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார். சங்கரன்கோவிலில் காட்டினோம் என்றேன். என்ன சொன்னார்கள் என்றார். சொன்னேன்.

"அந்த டாக்டர் சொன்னது சரிதானே. அன்னிக்கே ஆரம்பிச்சிருந்தா இந்த விரலைக் காப்பாத்தியிருக்கலாமே. ஏன் இவ்வளவு நாள்?"

நான் வாயைத் திறக்குமுன் என் மகள் சொன்னாள்: "திருவிழா வந்துட்டு சார்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவும் இல்லை.

மாத்திரையை எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். ஆகவே நான் எதற்குப் பயந்து ஓடினேனோ அது நடந்தது. பழைய மாணவர் பையோடு வந்தார். கதவைச் சாத்தட்டுமா என்று அவரே கேட்டுச் சாத்தினார். "சார், சட்டையக் கழத்துங்க" என்றார். என் முதுகையும் கையையும் காலையும் டார்ச் அடித்துப் பார்த்தார். என் மனைவியை உடன் வந்த பெண் பணியாளர் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு யாருக்கும் பரவாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆனாலும் விஷயம் கசிந்ததும் பாடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். ஒரு பையனின் தாயார் மட்டும் வாசலில் நின்று, "பரிச்சை வருதுங்க, அதான்" என்றார். மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை. அந்தப் பெற்றோர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். வீடு வீடாகப் போய் நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். என் வாய்ச்சொல்லுக்கு இந்த ஊரில் இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்தது. நான் போகவில்லை. சாயங்காலம் நடக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

குழுவை நடத்துகிறவர் வந்து கூடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சார், எங்களுக்கு நோயப் பத்தி ஒண்ணுமில்ல. பாப்பாவுக்குக் கோர்டு பாதிதான் விழுது. நான் வேற ஆளப் பாத்துக்கிடட்டுமா?"

உள்ளே இருந்து அவள் சொன்னாள்: "பாத்துக்கிடுங்கண்ணே. ஆனா ஒம்பதுல வாசிக்கிற ஆளாப் பாருங்க."

இப்போது நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையும் முடிந்தது. மடங்கிய விரல்களை அறுவை செய்து ஓரளவு நிமிர்த்தலாம், உணர்ச்சியைக் கொண்டுவர முடியாது என்றார்கள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அக்கூஸ்டிக்கை மச்சில் போட்டுவிட்டாள். எலெக்ட்ரிக்கில் மட்டும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் மாட்டாமல் வாசிக்கிறாள். பக்கத்தில் போனால்தான் கேட்கும். இரண்டு விரலில் எட்டாத சுரத்துக்குக் கம்பியை வளைத்து எட்டிப் பிடிக்கிறாள். அதற்கு மெல்லிய கம்பி வேண்டும். ஒன்பது போட்டாள். பிறகு எட்டு இருக்கிறதாமே என்று கேட்டாள். வரவழைத்துக் கொடுத்தேன். இழுவிசை எத்தனை என்று நான் கணக்குப் போடவில்லை.

கம்பி மாற்றுவது மட்டும் என் வேலை. அவளுக்குக் குத்தினால் தெரியாது; புண்ணானாலும் தெரியாது. வெட்டிய நுனிகளைக் குறடால் மடக்கி உள்ளே திருப்பிவிடுகிறேன். வெட்டி விழுந்த துண்டுகள் தரையில் எங்கே கிடக்கின்றன என்று என் கண்ணுக்கு இப்போது தெரிவதில்லை. பள்ளியில் இருந்து கொண்டுவந்த பழைய லாடக் காந்தம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அவள் உட்கார்கிற நாற்காலியைச் சுற்றி அதைத் தரையோடு இழுத்துத் துண்டுகளைப் பொறுக்குகிறேன்.

போன வாரம் அப்படி மாற்றிக்கொண்டிருந்தபோது எட்டாம் எண் கம்பி துள்ளி என் கட்டைவிரல் நகக்கண்ணில் ஏறிவிட்டது. "ஸ்" என்று கையை உதறினேன்.

அவள் நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "நோவுதாப்பா?"

"நோவுது."

"குடுத்து வச்சவரு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, கீழே உட்கார்ந்து காந்தத்தை எடுத்தேன். அவள் கால் இரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.